வேதத்தில் வெளிச்சம்: புதன்கிழமை வாசிப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் புதன்கிழமை மாலைகளில் வேதம் வாசிக்கிறோம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். பாதிப் பேர் சி.எஸ்.ஐ. சபை, பாதிப் பேர் கத்தோலிக்கர். மாதத்தில் ஒரு புதன் மட்டும் நாங்கள் மலையேறி, ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டில் கூடுவோம். இந்த வருடம் 'வெளிச்சம்' என்ற ஒரே சொல்லைப் பின்தொடர்ந்து ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை வந்தோம். ஒருவர் கேட்ட சந்தேகத்தையே இன்னொருவர் மறுமாதம் கேட்டதால், பதில்களை எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் முக்கியமான வேறுபாடு இருந்தால் அங்கங்கே சொல்கிறேன்.

வெளிச்சம்னா வெளிச்சம்தானே டீச்சர், அதுல உருவகம்னு என்ன இருக்கு?

பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். உவமையில் முகம் நிலா மாதிரி இருக்கிறது. உருவகத்தில் முகமே நிலாவாகிவிடுகிறது. "தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை" என்று 1 யோவான் 1:5 சொல்லும்போது 'ஒளியைப்போல' என்று சொல்லவில்லை. அதனால் அது உருவகம். எகிப்தில் மூன்று நாள் இருள் மூடியபோது இஸ்ரவேலர் வீடுகளில் வெளிச்சம் இருந்தது என்று யாத்திராகமம் 10-ல் வருவது சாதாரண வெளிச்சம். இரண்டு வகையும் வேதத்தில் உண்டு.

ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொள்ளச் சொல்வேன். வெளிச்சம் வரும் வசனத்தில் அந்த வெளிச்சம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சங்கீதம் 27:1-ல் பயத்தைப் போக்குகிறது. சங்கீதம் 119:105-ல் காலுக்கு வழி காட்டுகிறது. 1 யோவான் 2:10-ல் சகோதரனை நேசிக்கிறவன் அதில் நிலைத்திருக்கிறான், இடறுவதில்லை. பெரும்பாலான இடங்களில் பக்கத்திலேயே ஒரு பாதையோ, காலோ, இன்னொரு மனிதரோ இருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து ரசிக்கும் ஒளியை வேதத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சார்ந்துதான் இருக்கும்.

சூரியனை நாலாம் நாள்தான் படைச்சாருன்னா, முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்துச்சு?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். மிக நல்ல கேள்வி. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பது ஆதியாகமம் 1:3. பகலை ஆளப் பெரிய சுடரும் இரவை ஆளச் சிறிய சுடரும் வருவது 1:16. எபிரெயத்தில் முதல் நாள் வருவது 'ஓர்', அதாவது வெளிச்சம். நாலாம் நாள் வருவது 'மாஓர்', அதாவது வெளிச்சத்தைத் தாங்கும் விளக்கு. தமிழில் 'சுடர்' என்று பிரித்துப் போட்டது சரியான முடிவு.

சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அந்த அதிகாரத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். சுற்றிலும் எகிப்தியரும் பாபிலோனியரும் அவற்றைத் தெய்வங்களாக வணங்கினார்கள். இங்கே அவை பெயர்கூட இல்லாத இரண்டு விளக்குகள். வெளிச்சம் தேவனுடையது, விளக்குகள் அவர் மாட்டி வைத்தவை என்று சொல்வதற்காகத்தான் இந்த வரிசை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து, என் கருத்தும் அதுதான். இதை இயற்பியல் பாடமாகப் படித்து விடை தேடினால் அந்தப் பையனுக்குக் கிடைத்த தலைவலிதான் நமக்கும் கிடைக்கும். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் இதே விஷயம் திரும்ப வரும். அங்கே பார்ப்போம்.

ஒரு எடத்துல 'ஒளி'ன்னு இருக்கு, ஒரு எடத்துல 'வெளிச்சம்'னு இருக்கு. ரெண்டும் வேறயா?

வேறு இல்லை. யோவான் 8:12-ல் 'ஒளி', மத்தேயு 5:14-ல் 'வெளிச்சம்'. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் 'போஸ்' என்ற ஒரே சொல், 'உலகத்தின் போஸ்' என்ற ஒரே தொடர். தமிழில் சொல் மாறியதால் அந்த ஒற்றுமை நம் காதில் விழாமல் போய்விட்டது. திருவிவிலியத்தில் இரண்டு இடத்திலும் 'ஒளி'யே இருப்பதால் கத்தோலிக்க நண்பர்களுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை.

அப்படின்னா இயேசு 'நான் ஒளி'ன்னும் சொல்றாரு, 'நீங்க வெளிச்சம்'னும் சொல்றாரு. எது சரி?

ஆதியாகமத்தில் பார்த்த வெளிச்சம், விளக்கு என்ற பிரிவு இங்கே உதவும். இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகனைப் பற்றி "அவன் அந்த ஒளியல்ல" என்று யோவான் 1:8 தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதே நற்செய்தியின் 5:35-ல் இயேசு அவனை "எரிந்து பிரகாசிக்கிற விளக்கு" என்கிறார். ஒளி அவர், விளக்கு இவன். சீஷர்களை 'வெளிச்சம்' என்று சொன்ன மத்தேயு 5-லும் அடுத்த வரியிலேயே பேச்சு விளக்குக்கும் விளக்குத்தண்டுக்கும் போய்விடுகிறது. விளக்குக்குத் தீ வெளியிலிருந்து வரவேண்டும். ஒரு தடவை பற்றிவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த விளக்கின் வெளிச்சமே வெளிச்சம்.

'நான் உலகத்திற்கு ஒளி'ன்னு அவரு திடீர்னு ஏன் சொல்றாரு? முன்னாடி பின்னாடி ஒண்ணுமே இல்லையே?

முன்னாடி பெரிய விஷயம் இருக்கிறது. யோவான் 7-ஆம் அதிகாரம் கூடாரப்பண்டிகையில் நடக்கிறது. அந்தப் பண்டிகை இரவுகளில் எருசலேம் தேவாலயத்தில் ஸ்திரீகளின் பிராகாரத்தில் உயரமான பொன் விளக்குத்தண்டுகளை நிறுத்தி எரிப்பார்கள் என்று மிஷ்னா என்ற யூத மரபுத் தொகுப்பு சொல்கிறது. ஆசாரியர்களின் பழைய, கிழிந்த உடுப்புகளைத் திரித்துத் திரியாகப் போடுவார்களாம். அந்த வெளிச்சம் எட்டாத முற்றமே எருசலேமில் இல்லையாம். பெரியவர்கள் பந்தம் ஏந்தி ஆடுவார்கள்.

இப்போது யோவான் 8:20-ஐப் பாருங்கள். இயேசு இதைத் தர்மப்பெட்டி இருக்கும் இடத்தில் சொன்னார் என்று இருக்கிறது. காணிக்கைப் பெட்டிகள் இருந்தது அதே ஸ்திரீகளின் பிராகாரத்தில்தான். நடுவில் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதை ஒரு நிமிடம் தள்ளி வைத்துப் படித்தால், பண்டிகையின் பேச்சு அப்படியே 8:12-க்கு ஓடுகிறது. அந்தப் பெரிய விளக்குகள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் "நான் உலகத்திற்கு ஒளி" என்கிறார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அவரும் அதோடு நிறுத்தாமல், "என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல்" என்று சொல்கிறார். மறுபடியும் நடை.

மரக்கால்னா மரத்துல செஞ்ச காலா? அதை வெச்சு விளக்கை எப்படி மூடறது?

சிரிக்காதீர்கள், இருபது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்கமாட்டார்கள் என்று மத்தேயு 5:15-ல் வருகிறது. அந்த மரக்கால் தானியம் அளக்கும் பாத்திரம். நம் பக்கத்துப் பெரியவர்கள் வள்ளம் என்று வைத்து அளந்தார்களே, அந்த மாதிரி. கிரேக்கத்தில் 'மோதியோஸ்'. ஏறக்குறைய 9 லிட்டர் பிடிக்கும். அதைக் கவிழ்த்து விளக்கை மூடினால் விளக்கு மறைவதோடு நிற்காது, காற்றில்லாமல் அணைந்தும் போகும்.

பக்கத்திலேயே "மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது" என்று இருக்கிறது. இதற்கு விளக்கம் எழுதவே வேண்டாம். மேகம் இல்லாத இரவில் சேலத்தில் மாடி ஏறி வடக்கே பார்த்தால், சேர்வராயன் மலை தெரியாத இருட்டிலும் அதன்மேல் விளக்குகள் தெரியும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சேலம் முழுக்க விரிந்து கிடக்கும். அங்கே உள்ளவர்கள் நம்மைப் பார்ப்பதற்காக விளக்குப் போடவில்லை. அவர்கள் வீட்டில் சோறு ஆக்கவும், பிள்ளைகள் படிக்கவும் போட்ட விளக்குதான் நமக்குத் தெரிகிறது. ஏற்காட்டு வீட்டில் இந்த வசனத்தைப் படித்த அன்று அந்த வீட்டு அம்மா சொன்னது இது. நான் படித்த விளக்க நூல்களில் கிடைத்ததைவிட இது நன்றாக இருந்தது.

'வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாது'ன்னு சொன்னவரே, 'உங்க நற்கிரியையை ஊரு பாக்கட்டும்'னு சொல்றாரே?

மத்தேயு 5:16-க்கும் 6:3-க்கும் ஒரே அதிகார இடைவெளிதான். ஒரே பிரசங்கம். முன்னால் சொன்னதை மறந்துபோய் முரணாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்க முடியாது. 5:16-ன் முடிவைப் பாருங்கள்: "உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி." 6:2-ல் தாரை ஊதிக்கொண்டு தர்மம் செய்பவர்கள் தேடுவது தங்களுக்கான புகழ்ச்சி. கல்யாண மண்டபத்துக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த லைட்டின்மேலேயே பேர் எழுதுவதுண்டு, பார்த்திருப்பீர்கள். பேர் எழுதிய இடத்தில் வெளிச்சம் குறையும். ஏற்காட்டு அம்மா சொன்னதும் இந்தக் கேள்விக்குப் பொருந்தும்.

'கண் கெட்டதாயிருந்தால் சரீரம் முழுதும் இருளாயிருக்கும்'னா, கண் திருஷ்டியைத்தானே சொல்றாரு?

மத்தேயு 6:22, 23. எங்கள் வட்டத்தில் அதிக நேரம் ஓடிய கேள்வி இதுதான். பூசணிக்காய் உடைக்கிற ஊரில் இந்த வசனம் வேறு மாதிரிக் கேட்பது இயல்பு. ஆனால் இங்கே மற்றவர் கண் நம்மேல் படுவது பேச்சில்லை, நம் கண் எப்படி இருக்கிறது என்பதே பேச்சு.

எபிரெயப் பேச்சு வழக்கில் 'நல்ல கண்' என்றால் தாராளம், 'கெட்ட கண்' என்றால் கஞ்சத்தனமும் பொறாமையும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதை அருமையாகப் பிடித்திருக்கிறார்கள். நீதிமொழிகள் 22:9: "கருணைக்கண்ணன் ஆசீர்வதிக்கப்படுவான், அவன் தன் ஆகாரத்தில் தரித்திரனுக்குக் கொடுக்கிறான்." 23:6: "வன்கண்ணனுடைய ஆகாரத்தைப் புசியாதே." கருணைக்கண்ணன், வன்கண்ணன்! எவ்வளவு அழகான சொற்கள். திராட்சத்தோட்டக் கதையில் கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமான், முணுமுணுத்தவனிடம் "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்கிறார் (மத்தேயு 20:15). கிரேக்கத்தில் அங்கே இருப்பதும் 'கெட்ட கண்'தான்.

மத்தேயு 6-ல் இந்த வசனத்துக்கு முன்னால் இருப்பது பூமியில் பொக்கிஷம் சேர்க்காதீர்கள் என்பது. பின்னால் இருப்பது தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்பது. முன்னும் பின்னும் பணம் இருக்க, நடுவில் மட்டும் திருஷ்டி எப்படி வரும்? அதனால் நான் இதைக் கொடுக்கும் கையைப் பற்றிய வசனமாகப் படிக்கிறேன். ஏசாயா 58-ம் இதையே சொல்கிறது. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, "அப்பொழுது விடியற்கால வெளுப்பைப்போல உன் வெளிச்சம் எழும்பி" என்று அது போகிறது. விடியற்கால வெளுப்பு என்ற சொல்லை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சர்ச்சுல குத்துவிளக்கு ஏத்தலாமா? அது நம்ம வழக்கம் இல்லையேன்னு மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் யாத்திராகமம் 25:31-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துக் காட்டுங்கள். "பசும்பொன்னினால் ஒரு குத்துவிளக்கையும் உண்டாக்குவாயாக" என்றே இருக்கிறது. ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்கு மோசே செய்யச் சொல்லப்பட்ட ஏழு அகல் விளக்கைத் தமிழில் எழுதியவர்கள் தேர்ந்த சொல் 'குத்துவிளக்கு'. ஒரு தாலந்து பொன், ஏறக்குறைய 34 கிலோ. வார்ப்பு கூடாது, அடிப்பு வேலையாகச் செய்யவேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்கள் வாசிப்புக்கு வருவார். ஒரே கட்டியிலிருந்து கிளை, மொட்டு, பூ எல்லாம் அடித்து எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அரை மணி நேரம் விளக்கினார். வெளிப்படுத்தின விசேஷம் 1:12-லும் "ஏழு பொன் குத்துவிளக்குகள்" வருகின்றன. அவை ஏழு சபைகள் என்று 1:20 விளக்குகிறது.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு வைக்க இந்தியாவுக்கு 1969-லேயே ரோமாபுரி அனுமதி கொடுத்தது. எண்ணெயா, மெழுகா என்பது வழக்கம் சார்ந்த விஷயம். ஆனால் மாமியாரின் மனது நோகும்படி ஏற்றவேண்டாம் என்றும் சொல்வேன். ரோமர் 14 முழுக்க அதைப் பற்றித்தான். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், குழந்தை இயேசு பேராலயத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து போய் வாருங்கள். விளக்கெல்லாம் அணைத்து, பாஸ்காத் திரி என்ற ஒரே பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒவ்வொருவர் கை மெழுகுவர்த்திக்கும் தீ போகும். பக்கத்தில் நிற்பவரிடம் வாங்கினால்தான் நமக்கு வெளிச்சம்.

'இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை'ன்னா, இருட்டு தீப்பிடிக்கலைன்னு அர்த்தமா?

யோவான் 1:5. 'பற்றிக்கொள்' என்றால் இன்று நமக்கு முதலில் நெருப்புதான் ஞாபகம் வருகிறது. இங்கே பிடித்துக்கொள்வது என்ற பொருள். கிரேக்கச் சொல் ஒன்றே இரண்டு அர்த்தம் தரும்: பிடித்து அடக்குவது, மனதால் பிடித்துப் புரிந்துகொள்வது. திருவிவிலியம் முதல் அர்த்தத்தை எடுத்து, இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை என்று சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. யோவான் இரட்டைப் பொருளில் எழுதப் பிரியப்படுபவர். அதனால் எனக்குப் பழையது பிடிக்கும்.

இருட்டுன்னா பாவம்னா, கறுப்பா இருக்கறவங்களைப் பத்தி என்ன சொல்றீங்க? பாட்டுலகூட 'கறுப்பான இதயம்'னு பாடறாங்க.

இதைக் கேட்ட கல்லூரிப் பெண்ணின் குரலில் வலி இருந்தது. நேராகச் சொல்கிறேன். வேதம் பேசும் இருள் வெளிச்சம் இல்லாத நிலை. அது தோல் நிறம் இல்லை. எந்தத் தோலும் வெளிச்சத்தில்தான் தெரியும், இருட்டில் எல்லாத் தோலும் ஒன்றுதான். உன்னதப்பாட்டு 1:5-ல் மணப்பெண் தன்னைக் கறுப்பு என்றும் அழகு என்றும் ஒரே மூச்சில் சொல்கிறாள். தமிழில் "கறுப்பாயிருந்தாலும்" என்று போட்டிருக்கிறார்கள். எபிரெயத்தில் அங்கே இருக்கும் சிறு இணைப்புச் சொல்லை "கறுப்பும் அழகும்" என்றும் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பார்வை இல்லாதவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். யோவான் 9:3-ல் பிறவிக் குருடனைப் பற்றி, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு முதலிலேயே அந்தப் பேச்சை அடைத்துவிடுகிறார். அந்த அதிகாரத்தின் முடிவில் பாவம் நிலைநிற்கிறது என்று சொல்லப்படுவது, "காண்கிறோம்" என்று சொல்லிக்கொண்டவர்களிடம்.

தேவன் ஒளின்னா, மோசே ஏன் இருட்டுக்குள்ள போயி அவரைப் பாத்தாரு?

ஜனங்கள் தூரத்தில் நிற்க, மோசே "தேவன் இருந்த கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேர்ந்தான்" என்று யாத்திராகமம் 20:21 சொல்கிறது. சாலொமோனும் "காரிருளிலே வாசம்பண்ணுவேன்" என்று கர்த்தர் சொன்னதை நினைவுகூருகிறார் (1 இராஜாக்கள் 8:12). பவுல் "சேரக்கூடாத ஒளி" என்கிறார் (1 தீமோத்தேயு 6:16).

டிசம்பரில் ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் ஏறியவர்களுக்கு இது புரியும். ஹை பீம் போட்டால் அதிகம் தெரியும் என்று நினைப்போம். போட்டதும் மூட்டம் வெள்ளைச் சுவராக எழுந்து நிற்கும், ஒன்றும் தெரியாது. டிம் செய்தால்தான் ரோட்டோரக் கல் தெரியும். குறை வெளிச்சத்தில் இல்லை, நடுவில் இருக்கும் மூட்டத்திலும் நம் கண்ணிலும் இருக்கிறது. கார்மேகமும் சேரக்கூடாத ஒளியும் ஒரே அனுபவத்தின் இரண்டு பெயர்கள் என்று நான் நினைக்கிறேன். "உமக்கு இருளும் வெளிச்சமும் சரி" என்று சங்கீதம் 139:12 சொல்வதும் அதனால்தான்.

லூசிபர்னா சாத்தான். ஆனா அந்தப் பேருக்கு 'விடிவெள்ளி'ன்னு அர்த்தமாம். இயேசுவும் விடிவெள்ளியாம். குழப்பமா இருக்கே?

'லூசிபர்' லத்தீன் சொல். ஒளியைக் கொண்டுவருவது என்று பொருள், விடிவெள்ளிக்கு லத்தீனில் வழங்கிய பெயர். ஏசாயா 14:12-ன் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்பதை லத்தீனில் அப்படி எழுதினார்கள். அது யாரைப் பற்றியது என்று 14:4-லேயே இருக்கிறது: பாபிலோன் ராஜா. பின்னால் வந்த சபைப் பிதாக்கள் அதைச் சாத்தானின் வீழ்ச்சியாகவும் படித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதே லத்தீன் வேதாகமத்தில் 2 பேதுரு 1:19-ல் இருதயத்தில் உதிக்கும் விடிவெள்ளியும் 'லூசிபர்'தான். அங்கே அது நல்ல வார்த்தை.

வெளிப்படுத்தின விசேஷம் 22:16-ல் இயேசு "பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம்". ராஜா விடிவெள்ளியாக உயர நினைத்து விழுந்தான். 2 கொரிந்தியர் 11:14 இன்னும் ஒருபடி மேலே போய், சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷம் போடுவான் என்கிறது. அப்போ எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முதல் பதிலில் சொன்ன பழக்கம்தான்: அந்த வெளிச்சம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "ஒளியிலே இருக்கிறேன்" என்று சொல்லியும் தன் சகோதரனைப் பகைக்கிறவன் இன்னும் இருளில்தான் இருக்கிறான் என்று 1 யோவான் 2:9 சொல்கிறது.

பரலோகத்துல சூரியனே இருக்காதாமே?

"வேண்டுவதில்லை" என்றுதான் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21:23: தேவனுடைய மகிமை அந்த நகரத்தைப் பிரகாசிப்பிக்கிறது, "ஆட்டுக்குட்டியானவரே அதற்கு விளக்கு." முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பையனுக்கு இதைக் காட்டினேன். விளக்கு மாட்டுவதற்கு முன்னால் இருந்த வெளிச்சம் கடைசிப் பக்கத்தில் திரும்ப வருகிறது. அடுத்த வசனத்தில் ஜாதிகள் அதன் வெளிச்சத்திலே நடப்பார்கள் என்றும் இருக்கிறது. அங்கேயும் நடை உண்டு.

ஜெபம் பண்றேன், வேதம் படிக்கிறேன், ஆனாலும் உள்ள இருட்டாவே இருக்கு. நான் விசுவாசமில்லாதவளா?

இல்லை. இதைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் போனபிறகு படிக்கட்டில் நின்று கேட்கிறார்கள். ஏசாயா 50:10-ஐ மெதுவாகப் படியுங்கள்: "தனக்கு வெளிச்சமில்லாததினால் இருட்டிலே நடக்கிறவன் கர்த்தருடைய நாமத்தை நம்பி, தன் தேவனைச் சார்ந்துகொள்ளக்கடவன்." அந்த வசனத்தின் முதல் பாதி அவனை யார் என்கிறது? கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லைக் கேட்கிறவன். அப்படிப்பட்டவனே வெளிச்சமில்லாமல் நடக்கிறான். திட்டு இல்லை அங்கே. அடுத்த வசனம், தாங்களே நெருப்பு மூட்டி அந்த வெளிச்சத்தில் நடக்கப் பார்ப்பவர்களைத்தான் எச்சரிக்கிறது.

88-ஆம் சங்கீதத்தையும் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. அப்படி முடிகிற ஒரு ஜெபத்தை வேதம் தனக்குள் வைத்திருக்கிறது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அந்தச் சங்கீதத்தைப் படிக்கும் புதன்கிழமைகளில் நாங்கள் யாரும் அதன்மேல் ஆறுதல் வசனம் சேர்ப்பதில்லை. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்போம், அப்புறம் டீ வரும்.